கையொப்பமிடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

(பசுமைக் கட்டடம், நிலைபேறான சமூக வளர்ச்சி ஆகியவை பற்றிய தகவல்களை எங்கே பெறலாம் என்பது குறித்து, மேற்கு சிட்னியின் தமிழ்பேசும் குடியிருப்பாளர்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு சனவரி மாதம் 4ஆம் நாள், சனிக்கிழமை, பென்ரித்தில் வெப்பநிலை 48.9 பாகை செல்சியசாகப் பதிவாயிற்று. சிட்னிப் பெருநகரில் அதுவரை பதிவான வெப்பங்கள் அனைத்தையும் அது விஞ்சியது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் வெயிலுக்குப் புதியவர்கள் அல்லர். ஆயினும் சென்னையின் உச்ச வெப்பமே 45 பாகை அளவில்தான் நிற்கின்றது. அதற்கும் மேலான ஒரு நாளை, கடலோர நகரம் என்று பெயர்பெற்ற சிட்னியின் மேற்குப் புறத்தில் வாழ்பவர்கள் கண்டார்கள்.

காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கின்றது. பிற்பகலில் எழும் கடற்காற்று போண்டாய்க் கரையைக் குளிர்விக்கும். அது பரமட்டாவைத் தாண்டி பிளாக்டவுனை எட்டுவதற்குள் வலுவிழந்துவிடும். மேற்கே நீலமலைத் தொடர் அரண்போல் நிற்பதால் வெப்பம் இச்சமவெளியிலேயே தேங்குகின்றது. அதற்கப்பால் உள்நாட்டிலிருந்து வீசும் காற்றோ மேலும் வெப்பத்தைக் கொண்டுவருகின்றது. இவற்றுடன் மனிதர் செய்ததும் சேர்ந்துகொள்கின்றது: மரமில்லாத் தெருக்கள், தார்ச்சாலைகள், ஒன்றையொன்று ஒட்டி எழுந்த கருங்கூரை வீடுகள்.

இந்நிலை தமிழ்க் குடும்பங்களைத் தனியொரு வகையில் தொடுகின்றது. காலையில் மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் வீட்டில் எஞ்சுபவர்கள் முதியோர். குளிரூட்டி சுவரில் இருக்கும். அதனை இயக்கும் கருவியும் மேசைமீது இருக்கும். பிள்ளைகளுக்கு மின்கட்டணம் ஏறிவிடுமே என்று எண்ணி அதனைத் தொடமாட்டார்கள். ஒரு மின்விசிறியையும் ஈரத் துவாலையையும் துணைக்கொண்டு பகலைக் கழித்துவிட்டு, மாலையில் கேட்டால் "அவ்வளவு வெக்கை இல்லை" என்பார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ, வெள்ளம், புயல் ஆகிய அனைத்தையும்விட மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது வெப்ப அலையே. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து உட்கொள்ளும் முதியோர்க்கு அந்த ஆபத்து இன்னும் பெரிது.

ஆகவே பசுமைக் கட்டடம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கூரைமேல் பதித்த சூரிய மின்தகடுகளை மட்டும் நினைப்பது போதாது. குளிரூட்டியை இயக்காத ஒரு முதியவர் பகல் முழுதும் உள்ளே அமர்ந்திருக்கத் தக்க வீடு எதுவோ, அதுவே முதலாவது பசுமைக் கட்டடம். அத்தகைய வீட்டைக் கட்டுவதற்கோ, இருக்கும் வீட்டை அவ்வாறு திருத்துவதற்கோ வேண்டிய தகவல்கள் இந்நாட்டில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. குறை அவை இல்லாமையில் இல்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னரே பலர் அவற்றைத் தேடத் தொடங்குகின்றனர் என்பதே குறை.

முதலில் சொல்லத்தக்கது, மத்திய அரசு வெளியிடும் யுவர் ஹோம் என்னும் வழிகாட்டி. 2001ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்து, பல பதிப்புகளில் திருத்தப்பெற்று, இன்று இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. எந்த நிறுவனத்தின் பொருளையும் விற்பது அதன் நோக்கமன்று. ஆஸ்திரேலியா 8 தட்பவெப்ப வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. கடலோரச் சிட்னி 5ஆம் வலயத்திலும், மேற்குச் சிட்னியின் பெரும்பகுதி 6ஆம் வலயத்திலும் அடங்கும். ஆகவே போண்டாயில் வாழும் நண்பர் தம் வீட்டைப் பற்றிக் கூறும் அறிவுரை பிளாக்டவுனுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. அவ்வழிகாட்டி வலயம் வலயமாகப் பிரித்துச் சொல்கின்றது; கட்டணமில்லா மாதிரி வீட்டு வரைபடங்களையும் தருகின்றது.

அதிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டியவற்றுள் தலையாயது திசை. இங்கேதான் புலம்பெயர்ந்தவர்களின் பழைய அறிவு தடுமாறுகின்றது. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகற் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்லும். சிட்னியிலோ அது ஆண்டு முழுதும் வடபுறமே செல்லும். கோடையின் நடுவில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 80 பாகை உயரத்தில், அதாவது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். குளிர்காலத்தின் நடுவில் 33 பாகை உயரத்துக்கு மேல் எழாது. இந்த வேறுபாடே வீட்டுக்குக் கிடைக்கும் பெரிய வரம். வடக்கு நோக்கிய சாளரத்தின்மேல் போதிய அகலத்தில் கூரையிறக்கம் அமைத்தால், கோடை வெயில் உள்ளே நுழையாது. குளிர்கால வெயில் தாழ்வாக வந்து தரையைச் சூடாக்கும். சாளரத்தின் அடிவிளிம்பிலிருந்து கூரையிறக்கத்தின் அடிப்பக்கம் வரையுள்ள உயரத்தில் 45 சதவீதம் அகலம் வேண்டும் என்பது அவ்வழிகாட்டி கூறும் எளிய கணக்கு. உயரம் 2 மீட்டர் என்றால் அகலம் 90 சென்ரிமீட்டர். அவ்வளவு அகலம் இருந்தால், கோடை நண்பகலில் சாளரம் முழுதும் நிழலில் இருக்கும். குளிர்கால நண்பகலில் கூரையிறக்கத்துக்குக் கீழே அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பகுதியில் மட்டுமே நிழல் விழும். இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் கூரையிறக்கமே இல்லாதிருப்பதைத் தெருவில் நடந்து செல்பவர் எவரும் காணலாம். நிலம் சிறுத்து வீடு பெருத்ததால் வந்த வினை அது.

மேற்கு வேறு கதை. மாலைச் சூரியன் தாழ்வாக வருவதால் கூரையிறக்கம் அதனைத் தடுக்காது. வெளிப்புறத் தட்டி, மடக்குப் பலகை, இலையுதிர் மரம் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். உள்ளே தொங்கும் திரை பாதிப் பயனே தரும். ஏனெனில் வெப்பம் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்தபிறகுதான் திரையில் படுகின்றது. காப்புப் பொதிந்த சாதாரண வீடொன்றில், உள்ளே சேரும் வெப்பத்தில் 87 சதவீதம் வரை சாளரங்கள் வழியாகவே நுழையலாம் என்று அவ்வழிகாட்டி கணக்கிடுகின்றது.

வாஸ்து பார்ப்பவர்களுக்காக ஒரு சொல். கிழக்கு நோக்கிய தலைவாயில் எவ்விதத் தீங்கும் செய்யாது. வடகிழக்கைத் திறந்து வைக்கும் வழக்கம் இங்கு நன்மையே தரும். கவனிக்கவேண்டியது தென்மேற்குப் படுக்கையறை. சிட்னியில் நடுக்கோடைச் சூரியன் நேர்மேற்கில் மறைவதில்லை. அதிலிருந்து ஏறக்குறைய 29 பாகை தெற்கே விலகி மறைகின்றது. ஆகவே தென்மேற்கு மூலையறை கோடை மாலையில் சூடேறி, குளிர்காலத்தில் குறைந்த வெயிலே பெறும். அம்மூலையில்தான் படுக்கையறை வேண்டும் என்றால், மேற்குச் சுவரில் பெரிய சாளரம் வையாதிருப்பதும், வைத்தால் வெளியே நிழல் அமைப்பதும் அறிவுடைமை.

இவை அனைத்தும் எங்கே பெரிதும் பயன்படுகின்றன என்றால், பெற்றோருக்கென்று வீட்டின் பின்புறத்தில் கட்டப்படும் கிரானி பிளாட்டில். தாயும் தந்தையும் வரப்போகின்றார்கள், அல்லது வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தனிக் குளியலறையும் சிறு சமையலறையும் வேண்டும் என்று அன்போடு கட்டப்படுவது அது. சாதாரணமாக 60 சதுர மீட்டருக்கு மேற்படாத அளவில், 450 சதுர மீட்டருக்குக் குறையாத காணியில், விரைவு அனுமதி முறையில் அது ஒப்புதல் பெறலாம். விரைவு என்பதனாலேயே பலர் சபைக்கே வருவதில்லை. கட்டுநர் வரைபடம் காட்டுகின்றார், தனியார் சான்றளிப்பாளர் ஒப்புதல் தருகின்றார், சில மாதங்களில் கட்டடம் எழுந்துவிடுகின்றது. காணியில் எந்த மூலை மிச்சமோ அந்த மூலையில், எந்தத் திசை வாய்த்ததோ அந்தத் திசையில், பெருவீட்டுக்குப் பொருந்தும் கரும்பழுப்புத் தகரக் கூரையோடு. வீட்டிலேயே அதிக நேரம் கழிப்பவர்களுக்கு வீட்டிலேயே அதிகம் சூடேறும் அறை கிடைத்துவிடுகின்றது. எவரும் வேண்டுமென்று செய்ததன்று. கேட்கவேண்டிய வேளையில் கேளாததன் விளைவு.

கேட்கவேண்டிய வேளை எது என்பதற்கு ஓர் அரச ஆவணமே துணைபுரிகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு முதல் பேசிக்ஸ் என்னும் கட்டட நிலைபேற்றுச் சான்றிதழ் நடைமுறையில் உள்ளது. புதிய வீடு எதுவாயினும், கிரானி பிளாட் ஆயினும், 50,000 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட திருத்த வேலையாயினும் இச்சான்றிதழ் வேண்டும். நீர்ச் சேமிப்பு, மின்சக்தி, வெப்பத் தாங்குதிறன் ஆகிய மூன்றையும் அது அளக்கின்றது. 2023 அக்டோபர் 1 முதல் தேவைகள் உயர்த்தப்பட்டன. புதிய வீடுகள் பெரும்பாலும், தேசிய வீட்டுத் தரப்படுத்தலாகிய நேட்ஹெர்ஸ் அளவையில் 10க்கு 7 நட்சத்திரத்தை ஒட்டியிருக்கவேண்டும். கட்டுமானப் பொருள்களின் உற்பத்தியால் வெளியான கரியமில வாயுவும் அன்று முதல் பதிவுசெய்யப்படுகின்றது.

இச்சான்றிதழை வெறும் அனுமதித் தாளாகக் கருதிக் கோப்பில் செருகிவிடுகின்றனர். உண்மையில் அது ஒரு வாக்குறுதிப் பட்டியல். கூரையின் நிறம், மேற்கூரைக் காப்பின் ஆர் மதிப்பு, கண்ணாடியின் வகை, மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவு, வெந்நீர்க் கருவியின் வகை ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவற்றைச் செய்து முடிக்காமல் குடிபுகும் சான்றிதழ் பெறமுடியாது. ஆனால் பட்டியலை நிரப்புபவர் பெரும்பாலும் கட்டுநரின் வரைவாளர். அவருடைய குறி தேர்ச்சி பெறுவதற்கான குறைந்த அளவு. தேர்வில் 50 மதிப்பெண் எடுத்தாலும் தேர்ச்சிதான். பிள்ளைகளிடம் எந்தத் தமிழ்ப் பெற்றோரும் அதனை ஒப்புக்கொள்வதில்லை. தங்கள் வீட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்கின்றார்கள்.

ஆகவே ஒப்பந்தத்துக்கு முன், பேசிக்ஸ் சான்றிதழின் வரைவைக் கையில் வாங்கிப் படிக்கவேண்டும். கட்டுநரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. கூரையின் வெப்ப உறிஞ்சல் எண் என்ன? வெளிர்நிறக் கூரைக்கு அது 0.3 அளவிலும், மிகக் கரிய கூரைக்கு 0.9க்கு மேலும் இருக்கும். நிறத்தை மாற்றக் கூடுதற் செலவு உண்டா? இல்லையென்ற விடையே பெரும்பாலும் வரும். வரைபடத்தை இடவலமாகப் புரட்டி, முதியோர் பகலில் அமரும் அறையை வடக்குப் பக்கம் கொண்டுவர இயலுமா? மேற்குச் சாளரத்தைச் சிறிதாக்கினால் சான்றிதழ் எப்படி மாறும்? இவற்றைத் தாளில் மாற்றுவது எளிது. சுவர் எழுந்தபின் மாற்றினால் திருத்திய சான்றிதழும் திருத்திய வரைபடமும் கூடுதல் பணமும் வேண்டும்.

இக்கேள்விகளைத் தனியே கேட்க அஞ்சுபவர்கள், வரைபடத்துடன் சபையின் திட்டமிடல் அலுவலரை முதலில் காணலாம். விண்ணப்பம் எதுவும் செய்யாத நிலையிலும் அவர் பொது ஆலோசனை தருவார். காணியில் எந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், எவ்வளவு நிலம் மண்ணாகவே விடப்படவேண்டும், வெள்ளம் வரும் இடமா என்பனவற்றை அங்கு அறியலாம். தனியார் சான்றளிப்பாளர் மூலம் கட்ட முடிவுசெய்தவர்களும் இதனைச் செய்யலாம், தடையேதும் இல்லை.

மொழி ஒரு தடையாகத் தோன்றும். யுவர் ஹோம், பேசிக்ஸ் ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. காப்பு, உறிஞ்சல், ஆர் மதிப்பு போன்ற சொற்கள் வீட்டில் பேசும் தமிழில் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை அருகில் அமர்த்தி வழிகாட்டியின் ஒரு பகுதியைச் சேர்ந்து படிப்பது நல்ல பழக்கம். அவளுக்கும் அது பாடமாகும். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளை மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது. பெருந்தொகைக்கான வாசகங்களின் சுமையைச் சிறுமியின் தலையில் ஏற்றுவது முறையன்று. தேசிய மொழிபெயர்ப்பு உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். "தமிழ்" என்று சொல்லி, எந்த அலுவலகத்துடன் பேசவேண்டும் என்பதையும் அதன் எண்ணையும் கூறினால், தமிழ் உரைபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார். 13 32 20 என்ற எண்ணிலுள்ள நியாய வர்த்தக அலுவலகத்துடனும், 13 77 88 என்ற எண்ணிலுள்ள சர்வீஸ் நியூ சவுத் வேல்சுடனும் இவ்வாறே பேசலாம்.

நியாய வர்த்தக அலுவலகம் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். உழைப்பும் பொருளும் சேர்ந்து 5,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு, உரிமம் பெற்றவரையே அமர்த்தவேண்டும். அந்த உரிமம் செல்லுபடியாகின்றதா என்பதை எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். முற்பணம் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. 20,000 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபின்னும், அதிலிருந்து விலகிக்கொள்ள 5 வேலைநாள் அவகாசம் சட்டப்படி உண்டு. நம்மவர், ஊர்க்காரர், கோயிலில் பழகியவர் என்ற நம்பிக்கை போற்றத்தக்கதே. உரிம எண்ணைக் கேட்பதால் அந்த நம்பிக்கைக்கு இழுக்கு வராது.

வீட்டு வாயிலில் வந்து நின்று சூரிய மின்தகடு, மின்கலம், வெந்நீர்க் கருவி விற்பவர்கள் வேறொரு வகையினர். இன்று மாலைக்குள் ஒப்பமிட்டால்தான் அரச உதவி கிடைக்கும் என்பது அவர்களிற் சிலரின் வழக்கமான வாய்ப்பாடு. சூரிய மின்தகட்டுக்கான மத்திய அரசின் சிறு மின்னாக்கச் சான்றுத் திட்டம் 2030ஆம் ஆண்டு முடிய நடைபெறும்; அதன் மதிப்பு ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும்; ஒரு மாலைப் பொழுதில் மறைந்துவிடாது. அழையாமல் வந்த விற்பனையாளருடன் செய்த உடன்படிக்கையை 10 வேலைநாளுக்குள் விலக்கிக்கொள்ளலாம். உதவித் திட்டங்கள் அடிக்கடி மாறுவதால், எது இன்று நடைமுறையில் உள்ளது என்பதை விற்பவரிடம் கேளாமல் சர்வீஸ் நியூ சவுத் வேல்ஸ் அலுவலகத்தில் கேட்பது நன்று. ஒரு குடும்பம் பெறத்தக்க சலுகைகளை அவர்கள் சேர்த்துப் பார்த்துச் சொல்வார்கள். தம் கூரைக்கு எத்தனை தகடுகள் பொருந்தும், எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதை மதிப்பிட, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஒளிமின் நிறுவனமும் உருவாக்கிய சன்ஸ்பாட் என்னும் இலவசக் கணிப்பான் உள்ளது. வீட்டு முகவரியைக் கொடுத்தால் கூரையே திரையில் தெரியும்.

இதுவரை சொன்னவை வீடு கட்டுபவர்களுக்கு. வாடகைக்கு இருப்பவர்கள் இந்த அவையிலும் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சுவரை இடிக்கும் உரிமை இல்லை. எனினும் சில உரிமைகள் உண்டு. சாளரத் திரை பொருத்துதல், கொசுவலை பொருத்துதல், இருக்கும் செடிகளை அகற்றாமல் கீரை, காய்கறி, பூச்செடி, சிறுபுதர் நடுதல் போன்ற சிறு மாற்றங்களுக்கு வாடகைதாரர் எழுத்தில் அனுமதி கேட்டால், வீட்டுரிமையாளர் தக்க காரணமின்றி மறுக்க இயலாது. முருங்கை சிறுபுதர் ஆகாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். கதவிடுக்குகளை அடைத்தல், மேற்குச் சாளரத்துக்கு வெளியே கழற்றத்தக்க நிழற்துணி தொங்கவிடுதல் ஆகியவை சில பத்து டொலர்களில் முடிந்துவிடும். எந்த இடுக்கில் வெப்பம் நுழைகின்றது, எந்தக் கருவி மின்சாரத்தை விழுங்குகின்றது என்று அளந்து பார்க்கும் கருவிப் பெட்டிகளைப் பல சபைகளின் நூலகங்கள் புத்தகத்தைப்போல் இரவல் தருகின்றன. நூலக அட்டை இருந்தால் போதும். அங்கேயே ரினியூ, சாங்க்சுவரி என்னும் இரு சஞ்சிகைகளையும் தேடலாம். 1980இல் தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்பொன்று அவற்றை வெளியிடுகின்றது. சாதாரண மனிதர்கள் தம் வீட்டை எவ்வாறு திருத்தினார்கள், எவ்வளவு செலவாயிற்று, எதில் ஏமாந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் வரும்.

கருவிகள் வாங்குவதைப் பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வாங்கும் பழக்கம் பரவிவிட்டது. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: 2020 ஏப்ரல் முதல் குளிரூட்டிகளின் வில்லையில் வெப்பம், நடுத்தரம், குளிர் என மூன்று வலயங்களுக்கும் தனித்தனியே நட்சத்திரங்கள் உள்ளன. சிட்னிக்குரியது நடுத்தர வலயம். விற்பனையாளர் சுட்டிக்காட்டும் பெரிய எண் வேறு வலயத்தினுடையதாக இருக்கலாம்.

அடுக்குமாடியில் வாழ்பவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. கூரை பொதுச்சொத்து; வெளிச்சுவர் பொதுச்சொத்து. முன்பு பொதுக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டியிருந்தது. எதிர் வாக்குகள் 25 சதவீதத்தைத் தாண்டினாலே அது தோற்றுவிடும். 2021ஆம் ஆண்டு சட்டம் மாறிற்று. சூரிய மின்தகடு, மின்வாகன மின்னேற்றி, மழைநீர்ச் சேகரிப்பு போன்ற நிலைபேற்று வசதிகளுக்கான தீர்மானம், எதிர் வாக்குகள் 50 சதவீதத்தை எட்டாதவரை நிறைவேறும். கூட்டத்துக்கு வராத தமிழ் உரிமையாளர்களின் மௌனம் இதில் எதிர் வாக்காகாது என்பது ஒரு வசதி. ஆனால் தீர்மானத்தைக் கொண்டுவர ஒருவராவது எழுந்து பேசவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தல் அஞ்சலில் வரும்போது அதனைப் பிரித்துப் படிப்பதில் தொடங்குகின்றது அது.

வீட்டை எவ்வளவு திருத்தினாலும் தெரு கொதித்தால் பயன் பாதிதான். பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லையென்றால் முதியவர் மருத்துவரிடம் செல்வதை ஒத்திப்போடுவார். பூங்காவில் மரமில்லையென்றால் குழந்தை வீட்டுக்குள் திரையின்முன் அமரும். நிலைபேறான சமூக வளர்ச்சி என்னும் கனமான தொடர், அன்றாட வாழ்வில் இத்தகைய சிறு செய்திகளாகவே வந்து நிற்கின்றது. இவற்றைத் தீர்மானிக்கும் இடம் தொலைவில் இல்லை. மாநிலத்தின் ஒவ்வொரு சபையும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கான சமூக மூலோபாயத் திட்டமொன்றை வைத்திருக்கவேண்டும். தேர்தலுக்குப் பின் அது மீள்பார்வை செய்யப்படும். அதன்கீழ், ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தெருவில் மரம், எந்தப் பூங்காவில் நிழற்கூரை, எவ்வளவு பணம் என்பதைச் சொல்லும் செயற்பாட்டுத் திட்டம் ஒன்று உண்டு. சூன் 30க்குள் அது நிறைவேற்றப்படவேண்டும். அதற்குமுன் குறைந்தது 28 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். வரிப்பணம் எங்கே செல்லும் என்பதைக் கேட்டுச் சொல்லும் 28 நாள் அது. தமிழர் செறிந்து வாழும் வென்ட்வேர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில் போன்ற இடங்களில், முதியோர் சங்கங்கள் கூடும் ஒரு மாலையில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், தெருவின் பெயரோடும் நிறுத்தத்தின் பெயரோடும் பத்துக் கடிதங்கள் எழுந்துவிடும். பொதுவான வாழ்த்துரையைவிட, "இந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை" என்னும் ஒற்றை வரி அலுவலருக்குப் பயன்படும்.

சமூகத் தோட்டம் பற்றியும் பலர் கேட்பதுண்டு. காலியாகக் கிடக்கும் பொதுநிலத்தில் அயலவர் சேர்ந்து பயிரிடுவதற்குச் சபையின் ஒப்புதலும், பொறுப்பேற்கும் ஒரு குழுவும், காப்புறுதியும், நீர் இணைப்பும் வேண்டும். ஏற்கெனவே நடைபெறும் தோட்டத்தில் ஒரு பாத்தி கேட்டுச் சேர்வது எளிது. கத்தரியும் மிளகாயும் வளர்த்துப் பழகிய கைகளுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆங்கிலம் அதிகம் வேண்டியதில்லை.

அமர்வின் முடிவில் திட்டமிடல் அலுவலரும் நூலகரும் முன்மேசையில் இருப்பார்கள். தமிழ் உரைபெயர்ப்பாளரும் உடனிருப்பார். கிரானி பிளாட் கட்ட எண்ணியிருப்பவர்கள் காணியின் அளவுப் படத்தையும், கட்டுநர் கொடுத்த வரைபடத்தையும், பேசிக்ஸ் வரைவு கிடைத்திருந்தால் அதனையும் எடுத்துக்கொண்டு வரலாம். வரைபடத்தில் வடக்குக் குறி எங்கே இருக்கின்றது என்பதை மட்டும் வரிசையில் நிற்கும்போதே பார்த்து வைத்துக்கொண்டால் அலுவலரின் நேரம் மிஞ்சும். மின்கட்டணச் சீட்டுக் கொண்டுவந்தவர்கள் இடப்பக்க மேசைக்குச் செல்லலாம்.